பிபிஎஃப் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுதல்: விதி தெரியாத ஊழியரிடம் வேலையைச் சரியாக முடிக்க முழுமையான வழிகாட்டி

பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை, அதாவது எல்லோரும் பிபிஎஃப் என்று சொல்லும் கணக்கை, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கும், அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கும், ஒரே வங்கியின் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு கிளைக்கு இந்த வேலை ஆண்டுக்கு ஓரிரு முறை வந்தாலே அதிகம் என்பதால், கவுண்டரில் அமர்ந்திருப்பவர் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்திராதவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். என் கணக்கையும் உறவினர், நண்பர்கள் சிலரின் கணக்குகளையும் மாற்றியபோது எந்தெந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதைக் கவனித்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

1. மாற்றம் வேறு, மூடல் வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிபிஎஃப் கணக்கில் பணத்துக்கு இணையான மதிப்பு, கணக்கு தொடங்கிய தேதிக்கு உண்டு. முதிர்வு, கடன், இடையில் பணம் எடுத்தல் ஆகிய மூன்றும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படுகின்றன.

2014 ஜூனில் தொடங்கிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நிதியாண்டு 2015 மார்ச் 31 அன்று முடிகிறது. அதிலிருந்து 15 ஆண்டுகள் எண்ணினால் 2030 மார்ச் 31 அன்று கணக்கு முதிர்ச்சி அடையும். இதே பணத்தை 2025 ஆகஸ்டில் ஒரு கிளை "புதிய கணக்கு" என்று பதிவு செய்துவிட்டால், முதிர்வு 2041 மார்ச் 31க்குத் தள்ளிப்போய்விடும். பதினொரு ஆண்டுகள் கணினியில் ஒரே ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியதால் தொலைந்துபோகின்றன.

ஆகவே "இங்கே மூடிவிட்டு அங்கே புதிதாகத் தொடங்கிக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு மூத்த அதிகாரி சொன்னாலும், ஏற்க வேண்டாம். பொது வருங்கால வைப்பு நிதித் திட்டம், 2019இன்படி, முதிர்வுக்கு முன்பு மூடுவதற்கு ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். காரணமும் உயிருக்கு ஆபத்தான நோய்க்கான சிகிச்சை, உயர்கல்வி, வெளிநாட்டுவாசியாக மாறுதல் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதும் வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துக்கொள்வார்கள். கிளை மாற்றம் அந்தக் காரணங்களில் இல்லவே இல்லை.

படிவ எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தில் படிவம் 3 முதிர்வுக்குப் பின் மூடுவதற்கானது. படிவம் 5 முதிர்வுக்கு முன் மூடுவதற்கானது. மாற்றத்துக்காகப் போயிருக்கும் நீங்கள் இவ்விரண்டில் எதிலும் கையொப்பமிடக் கூடாது. பதினைந்து ஆண்டுகள் முடிந்து நீட்டிப்பில் இருக்கும் கணக்குக்காரர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் மூடல் படிவம் கொடுத்தால் கேள்வி கேட்காமல் கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

2. வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்

பழைய பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்களைத் தவிர, நகலெடுங்கள். மாற்றத்தின்போது பாஸ்புக்கைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நகல்தான். பாஸ்புக்கில் பதிவுகள் விடுபட்டிருந்தால் முதலில் அவற்றை அச்சிடச் சொல்லி, நடப்பு இருப்பு வரை முழுமையாக்கிய பிறகு நகலெடுங்கள்.

ஆதாரும் பானும் பழைய கணக்கில் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 2023 முதல் சிறுசேமிப்புத் திட்டங்களுக்கு இவை கட்டாயம். இணைக்கப்படாத கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், முடக்கப்பட்ட கணக்கின் மாற்ற விண்ணப்பம் பாதியில் நின்றுவிடும். பழைய அலுவலகத்தில் உள்ள கையொப்பமும் இப்போது நீங்கள் போடும் கையொப்பமும் வேறாக இருந்தால் அதையும் முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

ஏதேனும் ஓர் ஆண்டில் குறைந்தபட்சத் தொகையான 500 ரூபாயைக் கட்டாமல் கணக்கு நின்றுபோயிருந்தால், விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும் கட்டி உயிர்ப்பித்துவிட்டு மாற்றத்துக்குப் போங்கள். கடன் நிலுவை இருந்தால், முடியுமானால் அடைத்துவிடுங்கள். கடனோடு மாற்றுவதைவிட, கடனில்லாத கணக்கை மாற்றும்போது புதிய கிளை பதிய வேண்டிய விவரம் குறையும். விவரம் குறைந்தால் பிழையும் குறையும்.

சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிபிஎஃபுக்குப் பணம் போகும்படி தானியங்கி ஏற்பாடு செய்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது பழைய கணக்கில் விழும் ஒரு தவணை, அந்தக் கோப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும்.

3. எந்த மாதத்தில் தொடங்குவது

பிபிஎஃபுக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்பின் மீது வட்டி கணக்கிடப்படுகிறது. மொத்த வட்டியும் நிதியாண்டின் இறுதியில் வரவு வைக்கப்படுகிறது. இதனால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. மார்ச் கடைசியில் பணம் வழியில் இருந்தால், அந்த ஆண்டின் வட்டியைப் பழைய அலுவலகம் போட்டதா, புதிய கிளை போட வேண்டுமா என்பதில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலம் வசதியானது. முந்தைய ஆண்டின் வட்டி பாஸ்புக்கில் ஏறியிருக்கும். ஆண்டு முடிவதற்குள் தவறு இருந்தால் திருத்தவும் நேரம் இருக்கும். அந்த ஆண்டுக்கான தொகையைக் கட்ட நினைத்திருந்தால், ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் பழைய கணக்கிலேயே கட்டிவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள். இடையில் சில வாரங்கள் எந்த அலுவலகத்திலும் பணம் கட்ட முடியாமல் இருக்கலாம்.

முதிர்வுக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லை என்றால் மாற்றத்தை ஒத்திவைக்கலாம் என்பது என் கருத்து. நீட்டிப்புக்கான படிவம் 4ஐ முதிர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே கிடப்பது வேண்டாத சங்கடம்.

4. முதலில் போக வேண்டியது புதிய கிளைக்கு

பெரும்பாலானோர் நேராகப் பழைய அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கோப்பு புதிய கிளைக்குப் போய்ச் சேர்ந்ததும், "எங்கள் கிளையில் பிபிஎஃப் இல்லை" என்று அது திரும்பி வரும். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: வாங்கிக்கொள்ளப் போகிறவரின் ஒப்புதலை முதலில் பெறுங்கள்.

புதிய கிளையில் மேலாளரையோ துணை மேலாளரையோ நேரில் பார்த்து நான்கு விவரங்களைக் கேளுங்கள். அந்தக் கிளைக்குப் பிபிஎஃப் கணக்கு நடத்தும் அனுமதி இருக்கிறதா? கோப்பு எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு வர வேண்டும்? இருப்புத் தொகைக்கான டிடியில், அதாவது வங்கி வரைவோலையில், பெறுநர் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும்? உங்களுக்கு அங்கே சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். பிபிஎஃபை இணையத்தில் பார்க்கவும் பணம் கட்டவும் அது தேவைப்படுவதால், முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

டிடியின் பெறுநர் பெயரைக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் கிளை முத்திரையோடு வாங்குங்கள். நான் பார்த்த ஒரு மாற்றத்தில் கோப்பு சரியாக வந்தும், டிடியில் வங்கியின் பெயருக்குப் பதில் வாடிக்கையாளரின் பெயர் மட்டும் இருந்ததால், அது திரும்பிப் போய்ப் புதிதாக வர ஏழு வாரம் ஆனது.

இந்த முதல் சந்திப்பில் உங்களிடம் பேசுபவருக்கு விதி தெரியாது என்பது புரிந்தால், அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். "இது அடிக்கடி வராத வேலை சார், உங்கள் வட்டார அலுவலகத்தில் அரசுத் திட்டங்களைப் பார்ப்பவரிடம் ஒருமுறை கேட்டுச் சொல்கிறீர்களா? நான் நாளை மறுநாள் வருகிறேன்" என்று சொல்லுங்கள். தெரியாததை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு கௌரவமான வழி கிடைக்கிறது. அடுத்த முறை போகும்போது அவரே உங்கள் வேலையைத் தன் வேலையாக எடுத்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது விதியைப் படித்துக்காட்டினால், அவர் சொன்னதையே பிடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

5. பழைய அலுவலகத்தில் விண்ணப்பம்

அஞ்சலகக் கணக்காக இருந்தால் மாற்றத்துக்கு எஸ்பி 10-பி என்ற படிவம் இருக்கிறது. கட்டணம் 100 ரூபாயும் அதற்கான வரியும். வங்கியாக இருந்தால் அந்த வங்கியின் சொந்தப் படிவத்தைக் கேளுங்கள். படிவமே இல்லை என்றால் வெள்ளைத் தாளில் எழுதிய கடிதம் போதும். எந்த வழியானாலும் கடிதத்தின் முதல் வரியில் "என் கணக்கை மூட வேண்டாம், தொடர் கணக்காக மாற்றித் தரவும்" என்று எழுதுங்கள். கடிதத்தைப் பின்னால் கையாளப்போகும் ஒவ்வொருவரின் கண்ணிலும் முதலில் படுவது அந்த வரியாக இருக்க வேண்டும்.

கடிதத்தில் புதிய கிளையின் பெயர், முழு முகவரி, அஞ்சல் குறியீட்டு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, டிடி பெறுநர் பெயர், உங்கள் கைப்பேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே வங்கிக்குப் பல கிளைகள் இருக்கும் என்பதால் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடக் கூடாது.

அடுத்து, புதிய கிளைக்கு என்னென்ன போக வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் பட்டியலாகக் கேளுங்கள்: சான்றளிக்கப்பட்ட கணக்கு நகல், முதலில் கொடுத்த கணக்குத் தொடக்கப் படிவம், நாமினி படிவம், மாதிரிக் கையொப்பம், இருப்புத் தொகைக்கான டிடி அல்லது காசோலை. இவை போக வேண்டியவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வெறும் டிடியும் ஒரு மேலுறைக் கடிதமும் மட்டும் போய்ச் சேர்ந்த நிகழ்வுகள் உண்டு.

கணக்கு நகல் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுவாரியாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கட்டிய தொகை, வட்டி, ஆண்டிறுதி இருப்பு, எடுத்த தொகை, கடன் ஆகியவை தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடப்பு ஆண்டில் கட்டிய தொகைகள் தேதியோடு இருக்க வேண்டும். காரணம் இதுதான்: பிற்காலத்தில் நீங்கள் பணம் எடுக்க விரும்பினால், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்டிறுதி இருப்பு, சென்ற ஆண்டிறுதி இருப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் பாதிதான் வரம்பு. பழைய ஆண்டுகளின் இருப்பு புதிய கிளையில் இல்லாவிட்டால் அந்த வரம்பை அவர்களால் கணக்கிடவே முடியாது.

விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கை ஒப்படைத்தால் "பாஸ்புக் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற வரியும் அந்தப் பிரதியில் இருக்கட்டும். முத்திரை போட மறுத்தால், அதே கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, சென்று சேர்ந்த விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. கவுண்டரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள்

"வங்கி விட்டு வங்கி மாற்ற முடியாது, கிளை விட்டுக் கிளைதான்" என்பது அடிக்கடி கேட்பது. இதற்குப் பொது வருங்கால வைப்பு நிதித் திட்டம், 2019ஐயும் அரசு சேமிப்பு ஊக்குவிப்புப் பொது விதிகள், 2018ஐயும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். அதைவிட நன்றாக வேலை செய்வது, அந்த வங்கியே தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் பிபிஎஃப் பற்றிய கேள்வி பதில் பக்கத்தின் அச்சுப் பிரதி. அரசாணையைப் பார்த்துத் தயங்கும் ஊழியர், தன் வங்கியின் சின்னம் போட்ட தாளைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார். தாளை நீட்டும்போது தேவையான வரியைப் பென்சிலால் கோடிட்டுக் கொடுங்கள். மூன்று பக்கத்தை அங்கேயே படிக்க அவருக்கு நேரம் இல்லை.

"முகவரி மாறியதற்குச் சான்று கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் மாற்ற முடியாது" என்று சொன்னால், வாக்குவாதம் வேண்டாம். புதிய முகவரி ஆதாரில் இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். முகவரி மாறவில்லை, வசதிக்காகவே மாற்றுகிறீர்கள் என்றால், அதையே காரணமாக எழுதி விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

"சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை" என்பதே மிகக் கடினமான பதில், ஏனென்றால் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருடைய நுழைவில் அந்தப் பட்டியல் தெரியாமல் இருக்கலாம். அல்லது அவர் புதிய கணக்கு தொடங்கும் திரையில் தேடிக்கொண்டிருக்கலாம். அங்கே நிற்காமல், அந்த வங்கியில் பிபிஎஃப் மாற்றங்களைப் பதிவு செய்யும் மையப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி வழிமுறை கேட்கும்படி மேலாளரிடம் சொல்லுங்கள்.

மூன்று பதில்களுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும், அன்று யாரிடம் பேசினீர்கள், அவருடைய பதவி என்ன, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு "இன்று நேரில் தெரிவித்தபடி" என்று தொடங்கி அதையே கிளையின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரியில் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பு, எழுத்தில் உறுதிசெய்ய வேண்டிய நிலை வரும்போது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

7. கோப்பு வழியில் இருக்கும் நாட்கள்

பழைய அலுவலகம் கோப்பை அனுப்பியதும் விரைவு அஞ்சல் எண், டிடி எண், டிடி தேதி, தொகை ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். இந்தத் தொகை, பாஸ்புக்கின் கடைசி இருப்போடு ரூபாய் கணக்கில் ஒத்துப்போக வேண்டும்.

டிடி மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். இது தெரியாமல், உறை வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கிளையில் அந்த உறை யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடந்து, அவர் மாற்றலாகிப் போய், மூன்று மாதம் கடந்துவிட்டால், டிடியைப் பழைய அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பிப் புதுப்பிக்க வேண்டிவரும். எனவே உறை சேர்ந்தது என்று அஞ்சல் விவரத்தில் தெரிந்த மறுநாளே நேரில் போய்விடுங்கள்.

8. புதிய கிளையில் பதிவேற்றம்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் நடந்தது இந்த ஒரு கட்டத்தில். இங்கே அவசரப்பட வேண்டாம். கூட்டம் குறைவான பிற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்களிடம் படிவம் 1, நாமினி விவரம், கேஒய்சி ஆவணங்கள் (அடையாள, முகவரிச் சான்றுகள்), புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். படிவம் 1 என்பது கணக்குத் தொடக்கப் படிவம் என்பதால்தான் குழப்பமே தொடங்குகிறது. மாற்றலாகி வரும் கணக்குக்கும் அதே படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். ஆனால் அதன் மேல்பகுதியில் "மாற்றலாகி வந்த கணக்கு, தொடக்கத் தேதி இன்னது" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் நீங்கள் பேசிய அதிகாரி அல்ல, வேறொரு மேசையிலோ வேறு நகரத்திலோ இருப்பவர். உங்கள் விளக்கம் அவரை எட்டாது. அந்தச் சிவப்பு வரி எட்டும்.

பதிவு செய்யும்போது மூன்று விவரங்கள் தனித்தனியாக ஏற வேண்டும். ஒன்று, கணக்கு முதலில் தொடங்கிய தேதி. இரண்டு, முந்தைய ஆண்டுகளின் மொத்த இருப்பு. மூன்று, நடப்பு நிதியாண்டில் இதுவரை கட்டிய தொகை. இவற்றைப் பிரித்துப் பதியாமல் முழுத் தொகையையும் "இன்று வந்த டெபாசிட்" என்று போட்டால் இரண்டு கேடுகள் வரும். தேதி தொலைந்துபோகும் என்பதை முன்பே சொன்னேன். இன்னொன்று, ஆண்டு வரம்பு 1,50,000 ரூபாய் என்பதால், அதற்கு மேற்பட்ட தொகையைக் கணினி ஏற்க மறுக்கும். அல்லது ஏற்றுக்கொண்டாலும் வரம்புக்கு மேற்பட்ட தொகையை வட்டிக்குத் தகுதியற்றதாகக் கருதும்.

ஒரு வங்கிக் கிளையில், 8 லட்சத்துக்கு மேற்பட்ட டிடியைக் கணினி ஏற்கவில்லை என்பதற்காக, அதை ஒன்றரை லட்சமாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஊழியர் முழு நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். உதவும் மனம் உள்ளவர்தான். அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது. "மேடம், வரம்பு புதிதாகக் கட்டும் பணத்துக்குத்தான், மாற்றலாகி வரும் இருப்புக்கு இல்லை. மாற்றலுக்கென்று தனித் தெரிவு இருக்கும், உங்கள் மையப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டு, அன்று பதிவு செய்யாமலேயே திரும்பினோம். இரண்டு நாளில் சரியான திரை கிடைத்தது. தவறான பதிவைத் திருத்த மாதங்கள் ஆகும். இரண்டு நாள் காத்திருப்பது ஒன்றுமே இல்லை.

நாமினி தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். புதிதாக எழுதிக் கொடுத்து, பதிவானதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

9. அன்றே பார்க்க வேண்டியவை

புதிய பாஸ்புக்கையோ கணக்கு அறிக்கையையோ கையில் வாங்காமல் கிளையைவிட்டு வர வேண்டாம். கணக்கு எண் மாறியிருக்கும், அது இயல்பு. தொடக்கத் தேதி மாறியிருக்கக் கூடாது. முதிர்வுத் தேதி, பெயரின் எழுத்துகள், நாமினி, இருப்பு, நடப்பு ஆண்டில் கட்டிய தொகை ஆகியவற்றைப் பழைய நகலோடு வைத்து ஒப்பிடுங்கள்.

தவறு இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு பிபிஎஃப் கணக்குதான் இருக்க முடியும். தவறாகப் புதிய கணக்காகப் பதிந்ததை அப்படியே விட்டுவிட்டால், பின்னால் அது விதிமீறிய இரண்டாவது கணக்கு போலத் தோற்றமளிக்கும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். செல்வமகள் சேமிப்புக் கணக்கை மாற்றுபவர்களும் இதே ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். அங்கும் முதிர்வு, தொடங்கிய தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது.

10. வேலை நின்றுபோனால்

இரண்டு முறை நேரில் கேட்டும் அசையவில்லை என்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அடுத்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரி. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையவழியில் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அஞ்சலகம் தொடர்பான புகார்களுக்கு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம் உண்டு.

கோப்பு எங்கே நிற்கிறது என்பதே தெரியவில்லை என்றால், அஞ்சல் துறையிடமும் பொதுத்துறை வங்கியிடமும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, விளக்கம். "இந்தத் தேதியில் கொடுத்த விண்ணப்பத்தின் மீது எந்தெந்த நாளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு அனுப்பப்பட்ட அஞ்சல் எண் என்ன" என்று கேளுங்கள். தனியார் வங்கிகளிடம் இந்த வழி செல்லாது.

புகாரில் ஊழியரின் அறியாமையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். தேதி, கொடுத்த ஆவணம், நடக்க வேண்டியது, நடக்காதது ஆகியவை போதும். கிளையில் நாளையும் அவரைத்தான் பார்க்கப் போகிறீர்கள். அவரும் யாரும் கற்றுத் தராத வேலையோடுதான் போராடிக்கொண்டிருக்கிறார்.

11. அடுத்த மார்ச் 31க்குப் பிறகு

மாற்றம் முடிந்த ஆண்டின் வட்டியை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டின் நடுவில் கணக்கு அலுவலகம் மாறினாலும் வட்டி முழு ஆண்டுக்கும் வரவு வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் புதிய கிளையின் கணினிக்கு டிடி வரவான தேதி மட்டுமே தெரிந்திருந்தால், அதற்கு முந்தைய மாதங்களை அது எண்ணாது.

ஏப்ரல் தொடக்கத்தில் 8,40,000 ரூபாய் இருந்த கணக்கு, ஆகஸ்ட் 22 அன்று புதிய கிளையில் வரவானது என்று வைத்துக்கொள்வோம். இடையில் வேறு எதுவும் கட்டவில்லை. 7.1 சதவீதத்தில் மாதத்துக்கு 4,970 ரூபாய், ஆண்டுக்கு 59,640 ரூபாய் வட்டி வர வேண்டும். கணினி செப்டம்பரிலிருந்து ஏழு மாதங்களை மட்டும் எண்ணினால் 34,790 ரூபாய்தான் வரும். குறைவது 24,850 ரூபாய்.

குறைந்திருந்தால், பழைய அலுவலகம் அனுப்பிய கணக்கு நகலையும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இருப்பு இருந்ததைக் காட்டும் பாஸ்புக் பக்கத்தின் நகலையும், மேலே உள்ளதைப் போல உங்கள் கணக்கீட்டையும் ஒரு கடிதத்தோடு இணைத்துப் புதிய கிளையில் கொடுங்கள். வட்டி வரவு வைக்கும் பொறுப்பு இப்போது அந்தக் கிளையுடையது. "பழைய இடத்தில் கேளுங்கள்" என்று அனுப்பினால் போக வேண்டாம். திருத்தம் வந்த பிறகு பாஸ்புக்கில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, நிறுத்தி வைத்திருந்த தானியங்கித் தவணையைப் புதிய கணக்கு எண்ணுக்குத் தொடங்குங்கள்.